எல்லார் கையும் ஒண்ணா இருந்தா

அக்கா, ரெக்ஸி பேசுறேன், இத இயர்போன் போட்டுத் தனியா கேளு. அம்மாகிட்ட அப்புறமா குடு. சத்தமா பேச முடியாது, சுத்தி எல்லாரும் படுத்திருக்காங்க, போர்வைக்குள்ள இருந்துதான் பதிவு பண்றேன். ஜெயிச்சிட்டோம்க்கா, அது உனக்கே தெரியும். ஆனா ஜெயிச்சதுக்கப்புறமும் பயம் போகல. அதான் உன்கிட்ட சொல்லணும்.

நீங்க எல்லாரும் டிவில எங்க கையத்தான் பாத்திருப்பீங்க. கைக்குப் பின்னாடி நடந்தது டிவில வரல.

கடலுக்கு நடுவுல இந்த மேடையில சேர்ந்தப்ப கண்ணுக்குள்ள வில்லையும் காதுக்குள்ள மணியும் வச்சுத் தச்சாங்கல்ல, நீகூட அழுத. கடலுக்கு அடியில ஒரே கலங்கல், கை நீட்டுனா கை தெரியாது. வில்லைதான் எல்லாத்தையும் தெளிவா வரைஞ்சு காட்டும். காதுல இருக்கறது மோட்டார் சத்தத்த அமுக்கிட்டு பேச்ச மட்டும் உள்ள விடும். நல்ல சாமான்னுதான் நெனச்சோம். எதைக் காட்டணும்னு முடிவு பண்றது, எதைக் காட்டக் கூடாதுன்னும் முடிவு பண்ணலாம்ல? அது எங்க நூறு பேர்ல ஒருத்தருக்கும் தோணல.

கற்பகம் மிஸ்ஸுக்குத் தோணுச்சு. எங்களுக்கு முங்கச் சொல்லிக் குடுக்கறவங்க. போன்ல உனக்குக் காட்டிருக்கேனே, கழுத்துல எப்பவும் சிவப்புத் துண்டு போட்டுக்கிட்டு, ஹார்பர் சங்கு மாதிரி குரல். மேடைய நடத்துற கம்ப்யூட்டருக்கு கம்பெனி ஏதோ அழகான பேரு வச்சிருக்கு. "இவன் என்ன பெரிய இவனா? கங்காணி! தோட்டத்துல நம்ம ஆளுங்கள நம்ம பாஷையிலயே வேலை வாங்குனான் பாரு, அவன்தான் இவன்"னு மிஸ்தான் சொன்னாங்க. அன்னையில இருந்து எங்களுக்கு அது கங்காணி.

எங்கள கூண்டுல வச்சு கீழ இறக்குவாங்க. அடியில கிடக்கற தாதுக் கல்லப் பொறுக்கணும், பேருதான் பயிற்சி. அந்தக் கூண்டோட இரும்புக்கயிறு ஒரு தடவ வழுக்கி, ஒரு பையனுக்கு இடுப்பு ஒடிஞ்சுது. அத மாத்துற வரைக்கும் பிள்ளைங்கள இறக்க விட மாட்டேன்னு மிஸ் ஆபீஸ்ல போய் கத்துனாங்க. நாங்க சாப்பாட்டு ஹால்ல இருந்து கேட்டோம். மறுநாள் மிஸ் இல்ல. "கற்பகம் அவர்கள் பணியிலிருந்து விலகிக் கரைக்குச் சென்றுவிட்டார்"னு கங்காணி சொல்லுச்சு.

எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாங்களேன்னு எனக்கு அவ்வளவு கோவம் அக்கா. பேச்சி மூணு நாள் சரியா சாப்பிடல. பேச்சி தெரியும்ல, எனக்கு மேல் பர்த்ல படுக்கறவ, திருச்செந்தூர் பக்கம்.

அதுக்கப்புறம் தினமும் காலையில அந்தக் கயித்துல ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். கம்பெனி ஆளு அவுத்துப் போடுவாரு, மறுநாள் அதே இடத்துல இன்னொண்ணு. எல்லாரும் எங்க கூட இருக்கற டைட்டஸ் வேலைன்னுதான் நெனச்சோம். அவன் ஒரு ஃபிராடு, எந்த விளையாட்டுலயும் கைய அரை செகண்ட் லேட்டா நீட்டி ஏமாத்துவான். "சத்தியமா நானில்லட்டி"ம்பான், யாரு நம்புவா?

ஒரு நாள் பேச்சி துணிய நகத்திட்டு அடியில பாத்தா. கம்பி இழை இழையா பிஞ்சிருந்துச்சு. துணி கட்டுன அதே இடத்துல.

மறுநாள் காலையில கூண்டு கிட்ட போனோம், நின்னோம், ஒருத்தர்கூட ஏறல. யாரும் கோஷம் போடல. சும்மா நின்னோம். நூறு பேரு.

அப்பதான் எங்கள ஹாலுக்குள்ள விட்டு கதவடைச்சாங்க. ஸ்டாஃப் எல்லாரும் மேல் தளத்துக்குப் போயிட்டாங்க. கங்காணி பேசுச்சு. அதோட தமிழ் எப்பவும் சுத்தமா இருக்கும்.

"உங்கள் அனைவரையும் நீக்கினால் பணி நின்றுவிடும். ஆகவே பத்துப் பேருக்கு ஒருவர் நீக்கப்படுவார். ஒவ்வொரு குழுவும் தனக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முறை உங்கள் விருப்பம். தேர்வு முடிந்ததும் மற்ற ஒன்பது பேரும் விரல் பதித்து ஒப்புதல் தர வேண்டும்."

நீக்கறதுன்னா வீட்டுக்கு அனுப்பறதுன்னு நெனச்சோம் அக்கா. சில பேரு சிரிச்சேகூட செஞ்சாங்க. அப்புறம்தான் விளக்கம் சொல்லுச்சு. வீட்டுக்கெல்லாம் அனுப்பாது. ஒப்பந்தம் முடியற வரைக்கும் இங்கதான் இருக்கணும். ஆனா யாரோட வில்லையிலயும் அவங்க தெரிய மாட்டாங்க. அவங்க நிக்கிற இடத்துல பின்னாடி இருக்கற சுவர வரைஞ்சு காட்டிரும். பேசுனா காது அமுக்கிரும். எழுதிக் காட்டுனா எழுத்த மறைச்சிரும். யாரையாவது தொட்டா அவங்க வில்லை இருட்டாயிரும், குருடுதான். போன்ல உங்களுக்கும் அவங்க முகம் வராது. சோறு எடுத்துத் தின்னலாம், நடக்கலாம், அவ்வளவுதான்.

பெரிய ஸ்கிரீன்ல உத்தரவு வந்துச்சு, மேல இங்கிலீஷ்ல ஒரு தலைப்பு. எங்க பத்துல நூர்தீன்னு ஒருத்தன், காயல்பட்டணத்துக்காரன், எந்த வார்த்தையப் பாத்தாலும் அதோட பூர்வீகத்த நோண்டுவான். அவன் முகம் வெளிறிப் போச்சு.

"டெசிமேஷன்னு போட்டுருக்கான்ல."

"அப்ப எல்லாரும் காலியா?"ன்னான் டைட்டஸ். "கேம்ல டெசிமேட்டட்னு வந்தா ஒருத்தனும் மிச்சமில்லன்னு அர்த்தம்."

"இப்ப அப்படித்தான் சொல்றாங்க. முதல்ல அது இல்ல. லத்தீன்ல பத்தாவதுக்கு டெசிமஸ். டெசிமல், டிசம்பர் எல்லாம் அதே வேருதான்."

"டிசம்பர் பன்னெண்டாவதுல்லா?"

"ரோமாபுரிக்காரனுக்கு முதல்ல பத்தாவது மாசம்ல. இப்ப அதுவா முக்கியம்? கேளு. அவனுங்க பட்டாளத்துல ஒரு படை பயந்து ஓடிருச்சு, இல்ல சொல்பேச்சு கேக்கலன்னா, பத்துப் பத்தா நிக்க வைப்பாங்க. சீட்டு எடுக்கணும். யாருக்கு விழுதோ அவன அடிச்சே கொல்லணும்."

"யாரு, அதிகாரிங்களா?"

"இல்லலே. மத்த ஒம்போது பேரும். கூடத் தின்னு கூடப் படுத்தவனுங்க. கம்பாலயும் கல்லாலயும்."

அப்புறம் நூர்தீன் மெதுவா சொன்னான், "அதோட விடல. மிச்சம் இருக்கற ஒம்போது பேருக்கும் கோதுமைய நிறுத்திட்டு பார்லி போடுவாங்க. அது மாட்டுக்குப் போடறது. முகாமுக்கு வெளியதான் கூடாரம் போடணும்."

"அடிச்சவனுக்கும் தண்டனையா?"ன்னு கேட்டேன்.

"ஆமா. அதுதான் எனக்கும் புரியல. பத்துல ஒண்ணுன்னு இருந்த வார்த்தை எப்படி மொத்த அழிவுன்னு ஆச்சுங்கறதும் புரியல. தப்பா சொல்லிச் சொல்லி மாறிருச்சுன்னு சண்டை போடறவங்க இருக்காங்க."

பேச்சி முழங்காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. "தப்பா ஒண்ணும் மாறலலே"ன்னா. "எங்க வீட்ட ஊர்ல தள்ளி வச்சாங்க. எங்க சித்தி வேற சாதில கட்டுனதுக்கு. கடைக்கார மாமா இருக்காருல்ல, சின்னப் பிள்ளையில எனக்கு தினமும் கடலமிட்டாய் சும்மா குடுப்பாரு. நான் கடை முன்னாடி நிக்கேன், என் தலைக்கு மேல பாத்துட்டு அடுத்த ஆளுகிட்ட என்ன வேணும்னு கேக்காரு. அவர் கண்ணுல வில்லை எதுவும் இல்ல ரெக்ஸி. அப்புறம் அந்த ஊரே வெளங்கல. ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க மாட்டாங்க. அடுத்து யார் வீடோன்னு பயம்."

கங்காணி மறுபடி ஆரம்பிச்சுது. "முதல் குழு தனது முறையைப் பதிவு செய்யவும். முறை நேர்மையானதாக இருக்க வேண்டும். தொடங்கிய பின் எவரும் குறுக்கிட இயலாது, நான் உட்பட. பெற்றோருக்கு நேரலையாகக் காட்டப்படும்."

முதல் குழு நாங்கதான். நூர்தீன் என்னைப் பாக்கான், நான் டைட்டஸப் பாக்கேன். பேச்சி எந்திரிச்சா.

"சா பூ த்ரி!"

"அந்த முறை எனக்குத் தெரியாது. விளக்கவும்."

உனக்கு ஞாபகம் இருக்காக்கா, ஓடிப்பிடிச்சு விளையாட முன்னாடி போடுவோமே. பேச்சி எல்கேஜி பிள்ளைக்குச் சொல்ற மாதிரி அதுக்குச் சொன்னா. "வட்டமா நிக்கணும். சா பூ த்ரின்னு சொல்லி எல்லாரும் ஒண்ணா கைய நீட்டணும். உள்ளங்கை மேல பாத்தும் நீட்டலாம், கீழ பாத்தும் நீட்டலாம். எவன் கை மட்டும் தனியா இருக்கோ அவன் தப்பிச்சான், வெளிய போயிரலாம். அப்படியே ஒவ்வொருத்தரா போய், கடைசில மிஞ்சறவன் மாட்டுனான்."

"எல்லோருடைய கையும் ஒரே மாதிரி இருந்தால்?"

பேச்சி என்னைத் திரும்பிப் பாத்தா. அப்ப அவ கண்ணுல தெரிஞ்சத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"மறுபடி போடணும்"ன்னா.

"எத்தனை முறை?"

"முடியற வரைக்கும்."

"பதிவு செய்யப்பட்டது."

அப்புறம் ரெண்டாவது பத்துல இருந்து ஒருத்தி, "நாங்களும் சா பூ த்ரி"ன்னா. மூணாவது. நாலாவது. பத்து குழுவும் அதையே சொல்லுச்சு. அது வரிசையா பதிவு பண்ணிக்கிட்டே வருது அக்கா, எனக்கு சிரிப்பு வேற முட்டுது, பயம் வேற.

போட ஆரம்பிச்சோம். சா, பூ, த்ரி. பத்து உள்ளங்கையும் மேல பாத்து. மறுபடி. பத்தும் மேல. மறுபடி.

டிவில பாக்க அது சுலபமா இருந்திருக்கும். உள்ள நின்னா அப்படி இல்ல. ஒவ்வொரு தடவையும் கைய நீட்டறப்ப தோணும், இப்ப நான் மட்டும் திருப்புனா நான் தப்பிச்சேன். வெளிய போயிரலாம், உங்ககிட்ட பேசலாம். கடைசியில மாட்டறது வேற யாரோதானே. எனக்குத் தோணுச்சு அக்கா. எல்லாருக்கும் தோணிருக்கும். ஒருத்தர் கைய ஒருத்தர் பாக்கறதில்ல, மூஞ்சியப் பாத்துக்கிட்டே போட்டோம். பேச்சி மட்டும் டைட்டஸ் கையவே பாத்துக்கிட்டு நின்னா.

"திருப்புன, கூண்டு இல்லாமலே உன்ன அடில இறக்கிருவேன்."

"ஒன் வேலையப் பாருட்டி."

நேரம் போச்சு. தொண்டை காஞ்சு போச்சு. விளையாடறவங்க வட்டத்த விட்டு வெளிய போகக் கூடாதுன்னு கங்காணி சொல்லிருச்சு. தண்ணி சமையக்கட்டுல இருக்கு. ஏழாவது குழுல ஒரு சின்னப் பிள்ளை மயக்கமா விழுந்துட்டா, அவ கைய மத்தவங்க தூக்கிப் பிடிச்சு மேல பாத்து நீட்டுனாங்க.

அப்பதான் டைட்டஸ் திருப்பிட்டான்.

சா பூ த்ரி. ஒம்போது கை மேல. அவன் கை கீழ.

"டைட்டஸ் தப்பித்தார். வெளியே செல்லலாம்." கதவு திறந்துச்சு.

பேச்சி அவன் சட்டையப் பிடிக்கப் பாஞ்சா, நான்தான் இழுத்துப் பிடிச்சேன். அவன் எங்க மூஞ்சியவே பாக்காம நடந்து போயிட்டான். அந்த முதுகப் பாத்தப்ப எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அடுத்து யாரு, அடுத்து யாருன்னு ஒவ்வொருத்தரா திருப்புவாங்க. மறுபடி கை போட்டோம். ஒம்போதும் மேலதான் இருந்துச்சு, ஆனா நூர்தீன் கண்ணு கதவுப் பக்கமே போகுது, என் கண்ணும்தான்.

கொஞ்ச நேரத்துல கதவு மறுபடி திறந்துச்சு. டைட்டஸ் பெரிய அண்டாவ ட்ராலில வச்சு தள்ளிக்கிட்டு வாரான். இடுப்புல ஒரு பிஸ்கட் மூட்டை.

"வாயப் பொளந்துக்கிட்டு பாக்காதீங்க, பிடிங்க. எவனாவது ஒருத்தன் வெளிய போனாத்தான தண்ணி வரும்? நீங்கள்லாம் நல்லவங்க, உங்களால முடியாது. ஃபிராடுதான் போகணும்."

பேச்சி அழுதுக்கிட்டே அவன் மண்டையில ஒண்ணு வச்சா. தப்பிச்சவரு திரும்பி வரக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. கங்காணிக்கு அது தோணவே இல்ல. தப்பிச்சவன் எதுக்குத் திரும்பி வரப் போறான்?

அதப் பாத்துட்டு மத்த குழுக்கள்லயும் பேசி வச்சு ஒவ்வொருத்தர வெளிய அனுப்புனாங்க. பத்துப் பேரு ஓடி ஓடித் தண்ணி, பிஸ்கட், அவிச்ச முட்டை. டைட்டஸ் என் காதுல கேட்டான், "ஏட்டி, மேல இருந்து யாராச்சும் எறங்கி வந்தாங்களா? நான் போறப்பவே அண்டாவுல டீ கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. தம்ளர்லாம் வரிசையா கழுவி வச்சிருக்கு. ஒரு ஆளக் காணோம்."

எவனாவது சமையக்காரன் அடுப்ப அணைக்க மறந்திருப்பான்னு சொல்லிட்டேன்.

அப்புறம் நடந்தது உனக்குத்தான் என்னைவிட நல்லாத் தெரியும். கல்லு ஏத்த வந்த கப்பல் சும்மா நிக்குது. ஹால் பூட்டியிருக்கற வரைக்கும் கூண்டு இறங்காது, தேர்வு முடியாம ஹால் திறக்காது, கை திரும்பாம தேர்வு முடியாது. ராத்திரி உக்காந்துக்கிட்டே போட்டோம், படுத்துக்கிட்டே போட்டோம். விடிஞ்சப்ப, நேரலை ஓடுற ஸ்கிரீன்ல ஒரு மூலையில பாக்கறவங்க பக்கமும் தெரிஞ்சுது, ஹார்பரு. லோடு ஏத்தற அண்ணன்மாரு அத்தனை பேரும் வேலைய நிறுத்திட்டு உள்ளங்கைய மேல நீட்டிக்கிட்டு நிக்காங்க. மீன் மார்க்கெட்டு, பஸ் ஸ்டாண்டு, நம்ம கோயில் வாசல். அதுல நீயும் அம்மாவும் நின்னீங்களா? எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அம்மா கை மீன் செதில் ஒட்டி மினுமினுன்னு இருக்குமே, அத வச்சுத்தான் சொல்றேன். அந்த நிமிஷம் பயம் சுத்தமாப் போயிருச்சு அக்கா. ஹால்ல இருந்த நூறு பேரும் சா பூ த்ரின்னு கத்துனது கப்பலுக்கே கேட்டிருக்கும்.

மத்தியானம் கங்காணி சொல்லுச்சு. "நிறுவனத்தின் உத்தரவுப்படி தேர்வு கைவிடப்படுகிறது. கயிறு மாற்றப்படும். எல்லா நீக்கங்களும் ரத்து செய்யப்படுகின்றன."

கட்டிப்பிடிச்சுக்கிட்டு குதிச்சோம். நூர்தீன் மட்டும் குதிக்கல. "எல்லா நீக்கங்களுமா? நம்மள்ல ஒருத்தரையும் நீக்கலயே..."

அவன் சொல்லி முடிக்கல. எங்க வட்டத்துல, டைட்டஸ் போன காலி இடத்துல, ஒரு கரகரத்த குரலு கேட்டுச்சு. பாதி வாக்கியத்துல இருந்து, ரேடியோவ திடீர்னு போட்ட மாதிரி.

"...மாத்தாதீங்க பிள்ளைகளா, கைய மாத்தாதீங்க, கொஞ்ச நேரந்தான், மாத்தாதீங்க..."

கற்பகம் மிஸ்.

முட்டி போட்டு உக்காந்திருந்தாங்க. பாதியா இளைச்சிருந்தாங்க. கழுத்துல துண்டு இல்ல, ஓரத்துல நூலு தொங்கற ஒரு சாண் சிவப்புத் துணிதான் மிச்சம். உள்ளங்கை மேல பாத்து எங்க கையோட கையா நீட்டியிருந்தாங்க. நாங்க கேக்கறோம்னே அவங்களுக்குத் தெரியல. பேச்சி போய் அந்தக் கையப் பிடிச்சப்பதான் கண்ண மூடிக்கிட்டு பயந்து பின்வாங்குனாங்க, தொட்டா இருட்டாயிரும்னு. ஆகல. கண்ணத் தொறந்து பேச்சியப் பாத்தாங்க.

"கேக்குதாட்டி?"ன்னாங்க.

எங்கயும் போகல அக்கா அவங்க. இத்தனை நாளும் இங்கயேதான் கத்திக்கிட்டு இருந்திருக்காங்க. எழுத்த மறைக்கற கங்காணிக்குத் துணி ஒரு பேச்சுன்னு தெரியல. அதனால தினமும் துண்டக் கிழிச்சு, பிஞ்ச இடத்துல கட்டியிருக்காங்க. அண்டாவுல எங்களுக்கு டீ போட்டு வச்சதும் அவங்கதான்.

"உங்க பேரு சீட்டுல விழுந்துச்சா மிஸ்?"ன்னு நூர்தீன் கேட்டான்.

"ஸ்டாஃப் நாங்க பத்துப் பேரு. சீட்டே போடலலே. ரெண்டே நிமிஷம். ஒம்போது பேரும் என் பேரச் சொல்லிட்டு விரல வச்சாங்க."

ஒம்போது பேருன்னா யாருன்னு நெனைக்க? எனக்கு எப்பவும் பெரிய மீனா பாத்துப் போடுவாங்களே, சமையக்கட்டு லில்லி அக்கா. ஜுரம் வந்தப்ப ராத்திரி முழுக்க உக்காந்திருந்த நர்ஸ் அண்ணன். தினமும் எங்களப் பாத்து சிரிச்சாங்க. அப்பல்லாம் அவங்க பக்கத்துலயே மிஸ் நின்னிருப்பாங்க.

சாயங்காலம் அவங்க மேல இருந்து இறங்கி வந்தாங்க. யாரும் அவங்கள ஏசல. மிஸ்கூட ஏசல. ஆனா அந்த ஒம்போது பேரும் ஒரே மேஜையில உக்காரல அக்கா. ஒம்போது மூலையில, சுவரப் பாத்து உக்காந்து சாப்பிட்டாங்க. லில்லி அக்கா தட்டுல சோறு அப்படியே இருந்துச்சு. நூர்தீன் என்னைப் பாத்தான். பத்துல ஒண்ணு எப்படி மொத்தமும்னு ஆச்சுன்னு அவன் யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

எனக்கு பயமா இருந்தது அதுதான். கங்காணி கூட இல்ல. லில்லி அக்கா நல்லவங்க. நானும் நல்லவதான். அந்த நேரத்துல சா பூ த்ரி யாருக்கும் தோணாம போயிருந்தா?

ஆனா தோணுச்சுல்ல. நூறு கைல தண்ணி எடுக்கப் போன பத்தத் தவிர ஒண்ணும் திரும்பலல்ல. அத நெனச்சா நெஞ்சு விம்முது. இப்பவும்தான்.

தூங்கறதுக்கு முன்னாடி பேச்சி எந்திரிச்சுப் போய், ரெண்டு தட்டுல சோறப் போட்டு எடுத்துக்கிட்டு லில்லி அக்கா பக்கத்துல உக்காந்தா. ஒரு தட்ட அவங்ககிட்ட தள்ளி வச்சா, அவ்வளவுதான். லில்லி அக்கா அழ ஆரம்பிச்சாங்க. பேச்சி சாப்பிட்டுக்கிட்டே இருந்தா.

மிஸ் இன்னைக்கு எங்க ஹால்லதான் படுத்திருக்காங்க. தனி ரூம் குடுத்தாங்க, வேண்டாம்னுட்டாங்க. நடுவுல பாய விரிச்சு, சுத்தி நாங்க. அக்கா, அவங்க குறட்டைய நீ கேக்கணுமே, ஜெனரேட்டர் தோத்துரும். பேச்சி காதப் பொத்திக்கிட்டு, "இதையாவது கங்காணி அமுக்கியிருக்கலாம்"னு சொல்லிட்டு சிரிச்சு சிரிச்சு இருமுறா. எனக்கு ஒரு நிமிஷம்கூட தூக்கம் வரல. வர வேண்டாம்.

போன அவங்க பக்கத்துல கொண்டு போய் வைக்கேன். இரு.

கேக்குதா?